இரண்டு மணி பத்து நிமிட வெயில்

நகோயாவைச் சேர்ந்த சுகியுரா சிசாதோ என்ற முப்பத்து மூன்று வயதுப் பெண்மணி, 2012ஆம் வருடம் மே மாதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது ரயிலில், டீ விளையும் எங்கள் மலையூரான குரேதானிக்கு ஒருநாள் பயணமாக வந்தார். அந்த ஒருநாள் முடிய பதினோரு வருடம், பத்து மாதம், பத்தொன்பது நாள் பிடித்தது. எங்கள் ஊர் அலுவலகம் இதில் ஒரு நாளைக் கூட்டிச் சொல்லும். ரயில் நிலையத்துக் கணக்கில் அந்த ஒரு நாள் கிடையாது. நான் ரயில் நிலையத்தையே நம்புகிறேன். அங்கே இருப்பவர்கள் நேரம் பார்த்தே வயிறு வளர்ப்பவர்கள்.

ஒருநாள் பயணமாக வருகிறவர்கள்மேல் எங்களுக்குப் புகார் ஒன்றும் இல்லை. வருகிறார்கள், பச்சை ஐஸ்கிரீமைக் கையில் பிடித்து அது உருகி முழங்கைக்கு வழிகிறவரை படம் எடுக்கிறார்கள், பச்சை நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், ஆளுக்கு ஒரு டின் மாட்சா டீத்தூள்தான் என்ற அறிவிப்பைப் பார்த்து முகம் சுளித்து, டீயே குடிக்காத மாமியாரையும் வரிசையில் நிறுத்தி இரண்டாவது டின்னை வாங்கிக்கொண்டு நாலரை ரயிலில் கிளம்பிவிடுகிறார்கள். மே மாதத்தில் வருகிறவர்கள்தான் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். பச்சை மலையைப் பார்க்க வந்தவர்களுக்குக் கறுப்பு மலைதான் கிடைக்கும். பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே டீச்செடிகளுக்கு மேல் கறுப்பு வலையைக் கட்டி வெயிலை மறைத்துவிடுவோம். வெயில் படாத இலையில்தான் கசப்பு இறங்கி இனிப்பு ஏறும். படம் நன்றாக வரவில்லையே என்று அவர்கள் சொன்னால், மன்னிக்கவும் என்று தலைவணங்குவோம். வலையை மட்டும் எடுக்கமாட்டோம்.

சிசாதோ அந்த ரகம் இல்லை. மாட்சா கலக்கச் சொந்தமாக ஒரு மூங்கில் மத்தைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிற ஆள். மாட்சாப் பித்துப் பிடித்த தோழிகள் நான்கு பேரோடு வந்திருந்தார். ஐந்து பேரும் ஹொசோமி டீக்கடையின் தோட்டத்தில், கறுப்பு வலைக்குக் கீழே குனிந்து ஒரு மணிநேரம் இலை பறித்தார்கள். மற்ற நால்வரும் இடுப்பு வலிக்கிறது என்று பாதியில் வெளியே வந்துவிட, சிசாதோ மட்டும் கிணற்றுப் பக்கத்து வரிசையைக் கடைசிவரை பறித்து முடித்தார். கூடையில் நூற்றெண்பது கிராம் இலை சேர்ந்திருந்தது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கடை வாசலில், பெரிய சிவப்புக் காகிதக் குடையின் கீழே சிவப்புத் துணி விரித்த பெஞ்சில் உட்கார்ந்து, கூடையை இரண்டு கையாலும் நீட்டி ஒன்று கேட்டார்.

"நான் பறிச்ச இந்த இலையையே மாட்சாவா குடிச்சுட்டுப் போகணும்னு ஆசைங்க. முடியுமா?"

முடியாது. இது எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். இலையை ஆவியில் வேகவைத்து, காயவைத்து, காம்பும் நரம்பும் நீக்கி, ஜாடியில் அடைத்து, வாயைக் காகிதத்தால் ஒட்டி, கோடை முழுக்கத் தூங்கவைத்து, நவம்பரில்தான் காகிதத்தை அறுத்து ஜாடியைத் திறப்போம். அதன் பிறகு கல் இயந்திரத்தில் ஒரு மணிநேரம் அரைத்தால் நாற்பது கிராம் தூள் விழும். பயணிகள் பறிக்கிற இலையை மாவில் தோய்த்துப் பொரித்து ஒரு தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கடைக்காரர் ஹொசோமி தொகுஜி அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் உட்கார்ந்துவிட்ட வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்வது அந்தக் குடும்பத்தில் ஆறு தலைமுறையாக இல்லாத பழக்கம். போர்க்காலத்தில் தொகுஜியின் தாத்தாவிடம் பள்ளிக்கூட ஆய்வாளர் ஒருவர் டீயோடு கொஞ்சம் இனிப்பு கேட்டிருக்கிறார். ஊரில் சர்க்கரையைக் கண்ணால் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒசாகாவுக்கு நடந்தே போன தாத்தா, நான்காம் நாள் ஒரு பிடி சர்க்கரையோடு திரும்பினார். ஆய்வாளர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடிகூட வளரவில்லை. அந்த நாட்கள் முழுவதும் பெஞ்சின்மேல் அதே காலை வெயில்தான் அடித்ததாம். போர்க்காலம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாத்தாவின் பேரன் வேறு என்ன சொல்வார்? கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க, கொண்டுவர்றேன்" என்று சொல்லி உள்ளே போனார்.

நாலரை மணிக்குத் தோழிகள் வந்து கூப்பிட்டார்கள். டீ வரட்டும், நீங்கள் போங்கள், அடுத்த ரயிலில் வருகிறேன் என்றார் சிசாதோ. ஆறு மணிக்குத் தெருவில் நிழல் நீண்டு மறைந்தது. அந்தப் பெஞ்சைச் சுற்றி மூன்று பாய் அகலத்துக்கு மட்டும் மே மாதத்து இரண்டு மணி பத்து நிமிட வெயில் அப்படியே நின்றது. அடுத்த நாள் மழை. பெஞ்சின்மேல் மட்டும் வெயில். எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஓகுடா ஹருமி அதைப் பார்த்துவிட்டு, நனைந்த கைத்துணிகள் நாலைக் கொண்டுவந்து குடைக்கம்பியில் காயப்போட்டார். காய்ந்தன. முதல் வாரத்திலேயே விஷயம் ஊருக்குப் புரிந்துவிட்டது. வார்த்தை கொடுத்தவர் தொகுஜி. கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அந்த மதியம் நகரும், இல்லை என்று அவர் வாயால் சொன்னாலும் நகரும். வேறு வழி கிடையாது. சிசாதோ எழுந்து போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போகலாம்தான். ஆனால் கொண்டுவருகிறேன் என்று கடைக்காரர் உள்ளே போயிருக்கும்போது எழுந்து நடையைக் கட்டுகிற பெண்ணாக அவரை யாரும் வளர்க்கவில்லை. அதுவும் ஒரு நிமிடத்துக்குள் அப்படி என்ன அவசரம்? அவருக்கு ஆனது அந்த ஒரு நிமிடம்தான். பசி இல்லை, களைப்பு இல்லை. பேசினால் சிரித்துப் பேசுவார். பிறகு கடையின் உள்பக்கம் பார்த்துக்கொண்டு மடியில் கைகோத்து உட்கார்ந்திருப்பார்.

அவருடைய கணவர் மமோரு அடுத்த நாளே வந்தார். நகோயாவில் மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை, முப்பத்தைந்து வயது, ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். மாட்சா பிடிக்காது, புல் வாசம் அடிக்கிறது என்பார். வெயிலின் விளிம்பில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். சிசாதோ திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட! நீயும் வந்துட்டியா? டீ வேணாம்னு வீட்டுலயே கெடந்தியே! கொஞ்சம் இரு, என் டீ வந்துரட்டும், சேர்ந்தே போவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் அவர் அதே மாதிரி முகம் மலர்ந்து அதே வார்த்தைகளைச் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. மமோருவுக்கு வாரம் ஒன்று போயிருக்கும். சிசாதோவுக்கு அதே நிமிடம். ஐந்நூற்று எழுபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மனிதர் நகோயாவிலிருந்து ரயிலேறி வந்து, ஐந்நூற்று எழுபத்திரண்டு முறை ஒரே சந்தோஷத்தோடு வரவேற்கப்பட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எந்தப் புருஷனுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது என்று ஹருமி கேலி செய்வார். மமோரு சிரிப்பார். சிரித்துவிட்டு முகத்தை நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் வைத்துக்கொள்வார்.

வெறுங்கையோடு அவர் வந்ததே இல்லை. மனைவி உங்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொந்தரவு தருகிறாள் என்று சொல்லி, நகோயாவின் அரிசிமாவு இனிப்பு ஒரு பெட்டியைத் தொகுஜியிடம் இரண்டு கையாலும் நீட்டுவார். வாங்கிக்கொண்டு சும்மா அனுப்ப முடியுமா? தொகுஜி ஒரு டின் மாட்சாவை இரண்டு கையாலும் கொடுத்துத் தலைவணங்குவார். மமோரு இன்னும் கொஞ்சம் கீழே வணங்குவார். தொகுஜி அதற்கும் கீழே. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இடுப்பு வலிக்கும். மமோருவின் வீட்டில் திறக்காத டின்கள் சுவரோடு சுவராகக் கூரைவரை அடுக்கியிருந்தனவாம். தொகுஜியின் மனைவி மிட்சுயோவோ, "இன்னொரு தடவை இந்த இனிப்பை மென்னேன்னா எனக்குப் பல்லு எல்லாம் ஒட்டிக்கிட்டு வாயே திறக்காது, அப்புறம் உங்களுக்கு ரொம்ப நிம்மதி" என்று புருஷனிடம் சலித்துக்கொண்டு தெருவெல்லாம் பங்கு வைப்பார். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நவம்பரில் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். தொகுஜி அந்த நூற்றெண்பது கிராமைத் தனியாக வேகவைத்து, காயவைத்து, முப்பத்தாறு கிராமாக ஒரு சின்ன ஜாடியில் அடைத்து, சுகியுரா என்று எழுதி ஒட்டியிருந்தார். நவம்பர் முதல் வாரம் ஜாடிகளைத் திறக்கும் நாளில் கடை வாசலில் ஊரே கூடியது. தொகுஜி ஒவ்வொரு ஜாடியாகக் காகிதத்தை அறுத்தார். சின்ன ஜாடியை மட்டும் கொண்டுவரவில்லை. இன்னும் பதமாகவில்லை என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தோம். ஜாடி காலியாக இருந்தது அவருக்கும் மிட்சுயோவுக்கும் மட்டும்தான் தெரியும். செப்டம்பரில் மூன்று நாள் தொடர் விடுமுறையில், கல் இயந்திரத்தைத் தாங்களே சுற்றிப் பார்க்கவேண்டும் என்று நாற்பது பேர் ஒரு பேருந்தில் வந்து இறங்கினார்கள். கடையில் போன வருடத்து இலை தீர்ந்துவிட்டது. இன்னும் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களிடமும் இல்லை என்று சொல்ல வாய் வராமல், தொகுஜி சுகியுரா என்ற எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அந்த ஜாடியின் காகிதத்தை அறுத்து இலையை இயந்திரத்தில் கொட்டினார். அந்த ஆறு பேரும் இடப்பக்கமாகச் சுற்றவேண்டியதை வலப்பக்கமாகச் சுற்றி, தூளைக் கண்டபடி கலக்கி, படம் எடுத்து, பாதியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றார் மிட்சுயோ. "இல்லைங்கறது ஒத்தை வார்த்தை. நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?"

தொகுஜிக்கு அந்த ஒற்றை வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் வந்தது. டிசம்பரில், அதே தோட்டத்து இலையை அரைத்து, தன் கையாலேயே நுரை பொங்கக் கலக்கிக்கொண்டு போய் வைத்தார். கலக்கியது வேறு இலை என்பதை அவர் சொல்லவில்லை. இதுதான் அது என்றும் சொல்லவில்லை. சிசாதோ கிண்ணத்தைக் கையில் திருப்பி, மூன்று மிடறில் குடித்து, விளிம்பை விரலால் துடைத்தார். "அருமையா இருக்குங்க. இது வடக்கு வரிசை இலைதானே? நான் பறிச்சது கிணத்துப் பக்கம். பரவாயில்ல, மெதுவா வரட்டும், எனக்கு அவசரமில்ல." தொகுஜி வெறும் கிண்ணத்தோடு உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பாதி அழுகை வெட்கத்தால். மீதிப் பாதி, இப்படி ஒரு நாக்கு இந்தக் காலத்திலும் இருக்கிறதே என்ற சந்தோஷத்தால்.

பிறகு மிட்சுயோ களத்தில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் விருந்தாளியைக் கிளப்ப ஒரு முறை உண்டு: சோற்றில் டீயை ஊற்றி, ஊறுகாய் வைத்து, கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று நீட்டினால் போதும், அடடா, நேரமாகிவிட்டது என்று அவர்களே எழுந்துவிடுவார்கள். கிளம்பு என்று யாரும் சொல்லவேண்டாம், கிளம்பச் சொன்னார்கள் என்று யாரும் வருந்தவும் வேண்டாம். மிட்சுயோ அதைக் கொண்டுபோய் வைத்தார். சிசாதோ நகோயாக்காரர். மகிழ்ச்சியாக வாங்கி முழுவதையும் சாப்பிட்டு, ஊறுகாய் பிரமாதம், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்து, துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தித் தலையில் துண்டு கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார் மிட்சுயோ. இதுவும் பழைய உபாயம்தான். உள்ளே நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற வாடிக்கையாளர்கள் நான்கு பேர் திடீரென்று செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். சிசாதோ அசையவில்லை. அதோடு மிட்சுயோ துடைப்பத்தை நேராக வைத்துவிட்டார்.

வருடங்கள் போயின. ஜனவரியில் ஊர்ப் பெரியவர்கள் அந்த வெயிலின் விளிம்பில் பலகை போட்டு சதுரங்கம் ஆடினார்கள். சிசாதோ சில சமயம் ஒரு காயைக் கண்ணால் காட்டுவார். அந்தப் பக்கம் ஜெயிக்கும். பெஞ்சுக்குப் பக்கத்துத் தொட்டியில் இருந்த அசேலியா செடி வருடம் முழுக்கப் பூவோடு நின்றது, தண்ணீர் ஊற்றும் வேலை மிட்சுயோவுக்கு மிச்சம். ஊர் அலுவலகம் சுற்றுலா வரைபடத்தில் பெஞ்சைக் குறிக்கப் பார்த்தபோது தொகுஜிக்குக் கோபம் வந்துவிட்டது. வாடிக்கையாளரைக் காட்சிப்பொருளாக்குவதா? கடைசியில், உட்கார்ந்திருப்பவரைப் படமெடுக்க வேண்டாம் என்று ஒரு பலகை மட்டும் வைத்தார்கள். மாட்சா மோகம் உலகமெல்லாம் பரவி ரயிலில் நிற்க இடமில்லாமல் போனது. பிறகு தொற்றுநோய் வந்து இரண்டு வசந்தத்துக்கு ஒரு பயணிகூட வரவில்லை. அப்போது எங்கள் ஊரில் ஒருநாள் பயணமாக வந்திருந்தவர் சிசாதோ ஒருவர்தான். வெளி மாகாணத்துக்காரர்கள் வரவேண்டாம் என்று சொன்ன நாற்பத்தோரு வாரம் மமோரு வரவில்லை. ஹருமியின் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். "எப்படி இருப்பாங்க? அப்படியேதான் இருக்காங்க. நீங்கதான் இளைச்சுப்போய்டாதீங்க" என்பார் ஹருமி. மறுபடி வரத் தொடங்கியபோது அவர் தலையில் பாதி நரைத்திருந்தது. படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அட, நீயும் வந்துட்டியா என்று சிசாதோ முகம் மலர்ந்தார். மின்தூக்கிக் கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் இவரை மனைவியை இழந்தவர் என்று நினைத்து வேறு பெண் பார்த்தார்களாம். என் மனைவி டீ குடிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி அதைத் தடுத்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் மமோரு தொகுஜியிடம் என் மனைவியை எப்போது விடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் கடைக்காரரைக் குற்றம் சொன்னதுபோல் ஆகும். தொகுஜியும், என்னால்தான் இப்படி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்லவேண்டியிருக்கும். இனிப்புப் பெட்டியும் டீ டின்னும் மட்டும் கைமாறிக்கொண்டிருந்தன. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான் வந்தது, ஒளிப்பானேன்?

2024ஆம் வருடம் மார்ச் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, மமோரு வழக்கத்தைவிடப் பெரிய பெட்டியோடு வந்தார். நாளையிலிருந்து கம்பெனி தன்னை வடக்கே குஷிரோவுக்கு மாற்றியிருக்கிறது என்றார். விமானமும் ரயிலுமாக ஒரு நாள் பயணம். வருடத்துக்கு ஒருமுறை வரமுடிந்தால் அதிகம். வேலையை விட்டுவிடலாம்தான், விட்டால் ரயில் கட்டணத்துக்கே வழி இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ கேட்டா, நான் இப்பதான் கொஞ்சம் வெளிய போயிருக்கேன்னு சொல்லுங்க." பெட்டியை நீட்டினார். தொகுஜியின் கை தானாக டின்னை எடுக்க அலமாரிப் பக்கம் போனது.

ஹருமி ஒசாகாவில் பிறந்தவர். முப்பது வருடம் எங்களோடு இருந்தும் எங்கள் நாசூக்கு அவருக்கு ஒட்டவில்லை. தெருவைத் தாண்டி வந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

"தொகுஜி ஐயா! அந்த டின்னைக் கீழ வைங்க! இந்த மனுஷன் கெழவனாகி செத்தப்புறம் யார்கிட்ட டின்னைக் கொடுப்பீங்க? பன்னெண்டு வருஷமா பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஆள் குனிஞ்சு குனிஞ்சே ஒரு பொண்ணைப் புதைச்சுட்டீங்க, வெயில்ல புதைச்சா புதைச்சது இல்லைன்னு ஆயிடுமா?"

சதுரங்கம் ஆடியவர்கள் காய்களைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள். மமோரு ஹருமியிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. மிட்சுயோ புருஷனின் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார்: "போங்க. நான் கூட வர்றேன்."

எழுபத்து மூன்று வயது தொகுஜி, கடை மேலங்கியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த வெயிலுக்குள் நுழைந்து கல்தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார். முதலில் உட்கார்ந்திருக்கச் சிரமமாக இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு இந்த வருடம் பனி அதிகம், கொழுந்து தாமதமாகும் என்றார். பிறகு தன் தாத்தாவைப் பற்றி ஆரம்பித்தார். பின்னால் நின்ற மிட்சுயோ இருமினார். தொகுஜி நிறுத்தினார். ரொம்ப நேரம் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவர் தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லாத வார்த்தை வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோமோ, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் வந்தது.

"இல்லைங்க" என்றார். "உங்க இலை இல்லை. நானே அரைச்சு வேறவங்களுக்குக் கொடுத்துட்டேன். உங்க பேரை விரலால மறைச்சுட்டுத்தான் கொட்டினேன். இனிமே அது வராது."

சிசாதோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"யாராவது குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"குடிச்சாங்க."

"நல்லா இருந்துச்சுன்னாங்களா?"

இந்த இடத்தில் ஆம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! பழைய தொகுஜியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்.

"பாதி மிச்சம் வெச்சுட்டாங்க."

சிசாதோ சிரித்துவிட்டார். "அப்ப கசந்திருக்கும். கடைசில அவசரத்துல முத்தின இலையும் சேத்துப் பறிச்சுட்டேன், எனக்கே தெரியும். நல்லவேளை, உங்க கடை பேரைச் சொல்லி அதை நான் குடிக்கல." பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துத் தலைவணங்கினார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. எழுந்திருங்க, முட்டி வலிக்கப்போகுது." எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இன்னைக்கு என்னவோ வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி இருக்கு என்று மிட்சுயோவிடம் சொன்னார். மிட்சுயோ வாயைப் பொத்திக்கொண்டார். அவர் எத்தனை கிண்ணம் சோறு கொண்டுபோய் வைத்தார் என்பது அவருக்குத்தானே தெரியும்.

குடையின் நிழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டு பதினொன்று. அசேலியா செடி எல்லாப் பூவையும் ஒரே சமயத்தில் கொட்டியது. மூன்று பாய் அகலத்துக்குள் மார்ச் மாதக் காற்று புகுந்ததும், சிசாதோ அரைக்கைச் சட்டையோடு நடுங்கினார். மமோரு தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு போய் அவர் தோளில் போட்டார். சிசாதோ நன்றி சொல்ல நிமிர்ந்தவர் சொல்லவில்லை. முதலில் தலைமுடியைப் பார்த்தார். பிறகு கண்ணுக்குக் கீழே. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கையைப் பிடித்து, புறங்கையைத் திருப்பி, அங்கே துருத்தி நின்ற நரம்புகளைப் பார்த்தார். முகத்தில் இருந்த நிறம் இறங்கியது. எல்லாம் புரிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

"ரொம்ப நேரமா நிக்கிறியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் மமோரு. "இப்பத்தான் வந்தேன்."

ஹருமியையும் சேர்த்து அங்கே பதினாறு பேர் நின்றிருந்தோம். யாரும் மறுக்கவில்லை.